மலைக்குப் போங்கள், ஊருக்கு வேண்டாம்

கேள்வி: நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பதி. கணவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், நான் ஓய்வுபெற்ற செவிலியர். மூன்றாண்டு ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்து, ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், தெற்குப் பகுதியில் உள்ள ஒரு திருச்சபை மருத்துவமனையிலும் அதையொட்டிய பள்ளியிலும் சம்பளமில்லாமல் பணி செய்கிறோம். விமான டிக்கெட்டையும் சாப்பாட்டுச் செலவையும் ஊரில் எங்கள் சேகரம், அதாவது பக்கத்துச் சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டாரம், ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிவிட்டது. சில வாரங்களாக இரவில் யாராவது கதவைத் தட்டினாலே எனக்கு அழுகை வருகிறது. இங்குள்ள பொறுப்பாளரே, "இரண்டு மூன்று வாரம் எங்காவது போய் இளைப்பாறிவிட்டு வாருங்கள்" என்கிறார். கணவரோ, "காணிக்கைப் பணத்தில் உல்லாசப் பயணமா? டோனாவூர் அம்மா ஐம்பத்தைந்து வருடம் ஊருக்கே போகவில்லை" என்று வாயை அடைத்துவிடுகிறார். போன மே மாதம் ஊருக்கு வந்தோம். பதினோரு சபைகளில் சாட்சி சொல்லிவிட்டு, வந்ததைவிடக் களைத்துத் திரும்பினோம். இந்த முறையும் ஊருக்கு வருவதா, இங்கேயே ஏரிக்கரைக்குப் போவதா, ஒன்றும் வேண்டாமென்று இருந்துவிடுவதா? – பெயர் வேண்டாம், மலாவி.

பதில்: அன்புச் சகோதரி, பதினோரு சபை என்றால் பதினோரு பொன்னாடை, பதினோரு மதிய விருந்து, பதினோரு முறை "அங்கே சிங்கம் உண்டா?" என்ற கேள்வி. இதற்கு ஓய்வு என்று பெயர் வைத்த மனிதர் யாரென்று தெரியவில்லை.

ஓய்வு வேண்டுமா என்று கேட்டிருந்தால் ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பேன். வேண்டும். ஆனால் உங்கள் வீட்டில் நடக்கும் வழக்கில் இரண்டு வேறு விஷயங்கள் ஒரே பெயரில் உலவுகின்றன. அதைப் பிரித்துவிட்டால் உங்கள் கணவர் சாருடைய வாதம் பாதி கரைந்துவிடும்.

பழைய மிஷனரிகளுக்கு இரண்டு வகை விடுப்பு இருந்தது. ஒன்று, பல வருடங்களுக்கு ஒருமுறை கப்பலேறிச் சொந்த நாட்டுக்குப் போவது. நம் பாட்டிமார் "ஐயர் ஃபர்லோவில் போயிருக்கிறார்" என்பார்கள். ஃபர்லோ என்பது பெரும்பாலும் வேலைதான். ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டும், பணம் திரட்ட வேண்டும், கமிட்டிகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். கால்டுவெல் ஐயர் இங்கிலாந்துக்குப் போயிருந்த காலத்தில்தான், 1856-இல், அவருடைய ஒப்பிலக்கணம் வெளிவந்தது. திராவிட மொழியியலுக்கு அடித்தளம் போட்டுவிட்டு வருவதை யாரும் விடுமுறை என்று சொல்ல மாட்டார்கள்.

மற்றது மலை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1834-இல் மதுரையில் வேலையைத் தொடங்கினார்கள். காய்ச்சலும் காலராவும் அவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் வாரிக்கொண்டு போயின. பக்கத்திலிருந்த சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதற்குப் பிறகுதான் பழனிமலையின் மேலே ஏறி, 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்று தேனிலவுக்கும் சாக்லேட்டுக்கும் நாம் போகிற அந்த ஊர், ஊழியக்காரர்கள் செத்துப்போகாமல் இருப்பதற்காக உண்டானது. ஏரி வந்ததுகூட அதற்குப் பிறகு, 1863-இல். வேலூரில் மருத்துவமனை கண்ட ஐடா ஸ்கடர் அம்மையாருக்கும் அங்கே ஒரு வீடு இருந்தது. 1960-இல் அங்கேதான் கண்ணை மூடினார். தான் ஊழியம் செய்த இடையன்குடியைவிட்டு அசையாதவர் என்று நாம் நினைக்கும் கால்டுவெல்லும் 1891-இல் இறந்தது கொடைக்கானலில்தான். உடலைத்தான் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார்கள்.

மலையில் யாரும் அறிக்கை கேட்கவில்லை. அதுதான் வித்தியாசம். நீங்கள் போன மே மாதம் எடுத்தது ஃபர்லோ. இப்போது பொறுப்பாளர் எடுக்கச் சொல்வது மலை. சார் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, இரண்டையும் மறுக்கிறார்.

இனி டோனாவூர் அம்மா. திருநெல்வேலிக்காரரோடு வழக்காடும்போது டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் பெயர் வந்தால் எதிர்க்கட்சி வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டம். நான் மூடப்போவதில்லை. அவர் 1895-இல் இந்தியா வந்தார், 1951-இல் டோனாவூரில் இறந்தார், நடுவில் ஊருக்குப் போகவில்லை. மூன்றும் உண்மை. சார் சொல்லாமல் விட்டவையும் உண்மை. இந்தியாவுக்கு வருமுன் ஜப்பானில் ஊழியம் செய்யப்போய், உடல் முறிந்து பதினைந்து மாதத்தில் திரும்பியவர் அவர். அந்த முறிவு இல்லாவிட்டால் டோனாவூரே இல்லை. அதைவிட முக்கியம், 1917-இல் மலைக்காட்டில் ஓர் இடம் வாங்கி, வெயில் காலத்தில் பிள்ளைகளையும் உடன் ஊழியர்களையும் அழைத்துப்போய்த் தங்குவதற்கு அங்கே வீடு கட்டினார். அருவியில் குளித்தார்கள், காட்டில் சுற்றினார்கள். அவர் விட்டது கப்பலைத்தான், மலையை அல்ல. உங்கள் கணவருக்கு டோனாவூர் கைக்கெட்டும் தூரத்து ஊர். அந்த மலையைச் சின்ன வயதில் பார்த்திருப்பாரே.

நீங்கள் இருக்கும் நாட்டிலேயே இதே கதை உண்டு. ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1875-இல் மலாவி ஏரியின் தென்முனையில், கேப் மெக்லியரில், வந்து இறங்கினார்கள். மலேரியா அவர்களைச் சும்மா விடவில்லை; அவர்களில் சிலருடைய கல்லறைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. 1881-இல் பண்டாவேக்கு நகர்ந்தார்கள், அங்கும் அதே தொல்லை. 1894-இல் ராபர்ட் லாஸ் என்பவர் வடக்கே ஏரிக்கு மேலே உயர்ந்த மேட்டு நிலத்தில் லிவிங்ஸ்டோனியாவை நிறுவிய பிறகுதான் மூச்சு விட்டார்கள். மதுரைக்காரர்கள் பழனிமலை ஏறியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சாரிடம் இன்னொன்றும் கேளுங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து "போதும், செத்துப்போகிறேன்" என்ற எலியாவுக்கு தேவதூதன் கொண்டுவந்தது என்ன? பிரசங்கமா? ஓர் அடை, ஒரு செம்புத் தண்ணீர். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். தூதன் திட்டவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், அவ்வளவுதான். முப்பது வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்திருக்கக்கூடிய மனிதருக்கு இதை நான் எழுத வேண்டியிருப்பது வேடிக்கை.

அவர் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. காணிக்கைப் பணம் என்றதும் கூசுவது நல்ல குணம். நான் ஓர் உபதேசியார் மகள். கொத்தமல்லிக் கட்டுகூட "இது சபைப் பணமா, நம் பணமா" என்று கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் நுழையும். அப்பா ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை என்று அடக்க ஆராதனையில் எல்லோரும் பெருமையாகப் பேசினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தை நான் மட்டும் பார்த்தேன். அதைப்பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை.

பணத்துக்கு என் யோசனை இது. இந்த முறை செலவை உங்கள் இருவரின் பென்ஷனிலிருந்து எடுங்கள். கொள்கைப்படி சேகரம்தான் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. டிக்கெட்டுக்குப் பணம் ஒதுக்கும் கமிட்டி இளைப்பாறுதலுக்கும் ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நியாயத்தை நிலைநாட்டும் இடம் உங்கள் விடுமுறை அல்ல. காணிக்கைப் பணத்தில் போனால் சார் ஒவ்வொரு டீக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார், நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். திரும்பி வந்த பிறகு சேகர குருவானவருக்கு ஒரு கடிதம் எழுதி, உங்களுக்கு அடுத்து வரப்போகும் தம்பதிக்கு ஆண்டுக்கு மூன்று வாரம் எழுத்தில் போட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். போகுமுன் அவருக்கு இரண்டே வரி போதும்: "ஜூன் மாதம் இரண்டு வாரம் ஓய்வுக்குப் போகிறோம். அப்போது போனில் கிடைக்க மாட்டோம்." மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். வாட்ஸ்ஆப் குழுவில் படம் போடுவதானால் ஊர் திரும்பிய பிறகு போடுங்கள். ஏரியில் படகு விடும் படத்தைப் பார்த்து முதலில் முகம் சுளிப்பவர், வருடத்துக்கு இரண்டு முறை குற்றாலம் போகிறவராகத்தான் இருப்பார்.

ஏரிக்கரையா என்று கேட்டிருந்தீர்கள். ஏரி அழகுதான். ஆனால் உங்களுக்கு இப்போது ஜோம்பா மலையே நல்லது. தெற்கிலுள்ள பெரிய நகரமான பிளான்டைரிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். ஜோம்பா 1975 வரை அந்த நாட்டின் தலைநகராக இருந்த ஊர். மேலே பீடபூமி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், அதாவது ஏற்காட்டைவிட மேலே, கொடைக்கானலைவிடக் கீழே. பைன் காடு, ஓடைகள், ஓர் அணை, பாதையோரம் பிள்ளைகள் விற்கும் ஸ்ட்ராபெரி. கொசு குறைவு. நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். ஏரிக்கரையில் கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு, மலேரியா நோயாளிகளை நினைக்காமல் இருக்க ஒரு செவிலியரால் முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். தண்ணீரில் இறங்கினால் நத்தை வழியாக வரும் பில்ஹார்சியா என்ற புழு நோய் வேறு. அதற்குச் சில வாரம் கழித்துப் பிராசிகுவான்டல் மாத்திரை விழுங்க வேண்டும் என்பது எனக்குமுன் உங்களுக்குத் தெரியும். கடைசி இரண்டு நாள் ஆசைக்கு ஏரியைப் பார்த்துவிட்டு வாருங்கள். சாம்போ மீன் சாப்பிடாமல் வந்தால் சாருக்கும் மனம் ஆறாது.

ஆனால் மலையேறுமுன் ஒரு காரியம். கதவு தட்டினால் அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வார்த்தையை ஒரு நோயாளி உங்களிடம் சொன்னால் "கொஞ்சம் ஓய்வெடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருப்பீர்களா? அந்த மருத்துவமனையின் மருத்துவரிடமே நோயாளியாகப் போய் உட்காருங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மலேரியா வராமலிருக்க வாரம் ஒருமுறை மெஃப்ளோகுயின் போடுகிறீர்களா? சிலருக்கு அந்த மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும், பதற்றத்தையும் மனச்சோர்வையும் கொண்டுவரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்து, மலையிலிருந்து திரும்பிய பிறகும் அழுகை நிற்கவில்லை என்றால், அதை விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். அப்போது மீதியுள்ள மாதங்களைக் கழிக்காமலே ஊர் திரும்புவதிலும் வெட்கம் இல்லை.

இன்னொரு சந்தேகம் எனக்கு. இரவில் தட்டப்படுவது எப்போதும் உங்கள் கதவாக இருப்பது ஏன்? மருந்து அலமாரிச் சாவி உங்களிடம் இருப்பதாலா? அப்படியென்றால் சாவியைக் கைமாற்றுங்கள். போகும் நாளன்று அவசரமாக அல்ல, பத்து நாள் முன்பே. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அந்த ஊர்ச் செவிலியர்கள் இரவு அழைப்பைப் பார்த்துப் பழகட்டும். திரும்பி வந்ததும் சாவியைக் கேட்டு வாங்காதீர்கள். இன்னும் எட்டு மாதத்தில் நீங்கள் போய்விடுவீர்கள், அவர்கள்தான் இருக்கப்போகிறார்கள்.

போன இடத்தில் எப்படி இருப்பது என்றுகூடச் சொல்ல வேண்டுமா? முதல் மூன்று நாள் நீங்கள் தூங்குங்கள். சாருக்குத் தூக்கம் வராது. இரண்டாம் நாளே, "பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம், சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்பார். விடாதீர்கள். கணக்குப் புதிர்ப் புத்தகம் ஒன்றைப் பெட்டியில் ஒளித்து எடுத்துப்போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனால் கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள்; விருந்தினர்களை எழுந்து நிற்கச் சொன்னால் பெயரை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுங்கள், வாழ்த்துரை கூடாது. ஒருவர் போன் மட்டும், சாயங்காலம் அரைமணி நேரம் மட்டும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பதறிப்போவார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது என்றும் நினைக்கிறேன். "காணிக்கைப் பணம்" என்ற பேச்சுக்குப் பின்னால் சாருக்கு ஒரு பயம் இருக்கலாம். நாற்பது வருடம் மணியடித்தால் வகுப்புக்குப் போன மனிதர். மணி அடிக்காத நாளில் தான் யார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதை நீங்கள் கேட்க வேண்டாம். பைன் மரத்தடியில் நான்கு நாள் சும்மா உட்கார்ந்தால் அவராகவே சொல்வார்.

ஜூன் மாதத்தில் ஜோம்பா இரவு நன்றாகக் குளிரும். நெல்லைக்காரர்கள் பெட்டியில் ஸ்வெட்டர் இருக்க வாய்ப்பில்லை. சந்தையில் பழைய துணி விற்கும் காவுன்ஜிகாக் கடையில் ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் செலவுக்கும் சார் கணக்குக் கேட்டால் என் பெயரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.