தீபாவளி லீவில் ஸ்கூபா, அன்று ராத்திரியே ஏற்காடு: போகலாமா?

கேள்வி: நாங்கள் கடலூர் ஓ.டி.யை (ஓல்டு டவுன்) சேர்ந்த ஐந்து நண்பர்கள். தீபாவளி லீவில் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் போகத் திட்டம். சனிக்கிழமை காலையில் இரண்டு டைவ், அன்று ராத்திரியே காரில் ஏற்காடு. ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. இன்னொருவனுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங். இப்போது பனிக்காலத்தில் மட்டும் இன்ஹேலர் எடுப்பான். "அதையெல்லாம் உடல்நல ஃபார்மில் எழுதினால் கடலில் இறங்க விட மாட்டார்கள், சும்மா இருடா" என்கிறார்கள் மற்றவர்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்த ஃபார்மிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்வியில் என்னைத் திரும்பப் படிக்க வைத்த வரி அதுதான்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர் அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்குத் தக்கபடி காற்றைத் தருகிறது. ஆகவே 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த மூச்சு, மேலே வரும்போது இரண்டு நெஞ்சு கொள்ளும் அளவுக்கு விரியும். சீராக மூச்சு விட்டுக்கொண்டே ஏறினால் கூடுதல் காற்று தானாக வெளியே போய்விடும். அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். நீச்சல் குளத்து ஆழத்திலேயே இது நடக்கலாம். "மூச்சை அடக்காதே" என்பதை முதல் பாடமாகச் சொல்வது இதனால்தான்.

உங்கள் நண்பரின் சிக்கல், அவர் மூச்சை அடக்காவிட்டாலும் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளக்கூடும் என்பது. வீசிங்கில் மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன, சளி அடைக்கிறது. அடைப்புக்குப் பின்னால் இருக்கும் காற்று, மேலே ஏறும்போது விரிய இடம் தேடும். நுரையீரலைக் கிழித்து ரத்தத்தில் கலந்த காற்றுக்குமிழி மூளைக்குப் போனால், பக்கவாதம் போலச் சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். போதாததற்கு, சிலிண்டர் காற்று ஈரமே இல்லாத வறண்ட காற்று; வீசிங்கைக் கிளப்ப அதுவே போதும். தண்ணீருக்கு அடியில் இன்ஹேலர் எடுக்க வழி கிடையாது.

இதைச் சொல்வதால் அவருக்குக் கடலே இல்லை என்று அர்த்தமில்லை. நுரையீரல் மருத்துவரிடம் போய், உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்க்கும் சோதனை) பார்த்து, டைவிங் போகலாம் என்று எழுத்தில் வாங்கினால் இறங்கலாம். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே இதைச் செய்துவிடுங்கள். வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அவர் படகில் வரட்டும். எழுத வேண்டாம் என்று தடுக்கும் மற்ற மூவரையும் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள். கீழே அவருக்கு மூச்சு முட்டினால், கூட இறங்கும் பயிற்றுநருக்கு அது ஏன் என்றே தெரியாது.

நீச்சல் தெரியாதவரைப் பற்றி நீங்கள் நினைக்குமளவு கவலைப்பட வேண்டாம். முதல்முறை போகிறவர்களுக்கான அறிமுக டைவில் பயிற்றுநர் கூடவே பிடித்துக்கொண்டு போவார். 12 மீட்டர்தான் எல்லை. சான்றிதழ் தரும் ஓப்பன் வாட்டர் படிப்புக்குத்தான் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். ஆனால் அவருக்கென்று தனியாக ஒரு பயிற்றுநர் வேண்டும் என்று கேளுங்கள். கடலுக்கு முன் குளத்தில் ஒரு மணி நேரமாவது பழக்கச் சொல்லுங்கள். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் மூக்கால் ஊதி வெளியேற்றப் பழகிவிட்டாலே பாதி பயம் போய்விடும். வீடியோக்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய டெம்பிள் ரீஃப், ஆட்கள் பொருள்களைப் போட்டு உருவாக்கிய செயற்கைப் பாறைத்திட்டு. அதன் மணல்தரை சுமார் 18 மீட்டரில் இருக்கிறது. முதல் நாளிலேயே அந்தத் தரையைத் தொட வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

இன்னொன்று, முதுகில் மாட்டுவதை எல்லோரும் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று, அழுத்தி அடைத்தது. அதில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏற்காட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

சளி பிடித்திருந்தால் யாராக இருந்தாலும் இறங்கக் கூடாது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவர், மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு வந்ததைச் சொல்லவில்லை. 4 மீட்டரிலேயே காது வலித்திருக்கிறது. மூக்கைப் பிடித்து ஊதியும் காது விடவில்லை. நண்பர்கள் கீழே போய்விட்டார்களே என்று வலியைத் தாங்கிக்கொண்டு இறங்கினார். மேலே வந்தபோது செவிப்பறை கிழிந்திருந்தது. அவர் ஒரே ஒரு சைகை காட்டியிருந்தால் போதும். இன்றும் எனக்கு அது வருத்தம்.

அந்தச் சைகையை ஐந்து பேரும் கரையிலேயே பழகிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் நமக்கு "சூப்பர்". தண்ணீருக்குள் அதற்கு அர்த்தம் "மேலே போகலாம்". நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். யார் கட்டைவிரல் காட்டினாலும் பயிற்றுநரோடு மேலே வந்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, படகில் கேலியும் கூடாது. இதைக் கிளம்புவதற்கு முன்பே உங்களுக்குள் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். கூட்டமாக வருகிறவர்களிடம் நான் அதிகம் பயப்படுவது, "நான் வரவில்லை" என்று சொல்ல ஒருவர் கூச்சப்படுவதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி புதுச்சேரியில் தங்கினால் மது வேண்டாம். உடலில் தண்ணீர் வற்றிய நிலையில் காலையில் இறங்குவது நைட்ரஜன் நோய்க்கு (உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகக் கிளம்புவது) நாமே வழி விடுவது போல. காலையில் இரண்டு இட்லி போதும், படகு ஆடும்.

இனி நாள். தீபாவளி எப்போதும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் வரும். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' புயல், இரண்டும் உங்கள் கரையில்தான் அடித்தன. புயல் இல்லாவிட்டாலும் தென்பெண்ணையும் கெடிலமும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். கலங்கல் தண்ணீரில் பக்கத்தில் இருக்கும் ஆள்கூடத் தெரியாது, புதியவர்களுக்கு அதுவே பதற்றம். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் கொடுத்த முன்பணத்தை நினைத்துப் படகில் ஏறாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பணம் கட்டும் முன், படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டு பேருக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

இப்போது ஏற்காடு. ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிற்கும், மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் வெளி அழுத்தம் குறைந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழிகள் கிளம்பும். இரண்டு டைவ் முடித்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி, ஒரே ஒரு டைவ் என்றால் 12. 600 மீட்டருக்கு மேல் மலை ஏறுவதற்கும் இதே கணக்கு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கடலிலிருந்து மேலே வந்தால் ஞாயிறு காலை ஆறு வரை நீங்கள் சமவெளியில்தான் இருக்க வேண்டும். நீங்களோ ராத்திரியே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டியிருப்பீர்கள். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் மலைமேல் தொடங்கினால் பயணக் களைப்பு என்று படுத்துவிடுவீர்கள், அதுதான் பெரிய ஆபத்து. டைவுக்குப் பின் ஒரு நாளுக்குள் இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைத்து, டைவிங் போனதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

திட்டத்தைத் தலைகீழாக்கிவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை. வியாழன், வெள்ளி ஏற்காடு. சனிக்கிழமை இறங்கிவந்து புதுச்சேரியில் நன்றாகத் தூங்குங்கள். ஞாயிறு காலை கடல். முடித்துவிட்டுக் கடலூருக்குத் திரும்ப சுமார் 25 கிலோமீட்டர்தான், வழியில் ஒரு மலைகூட இல்லை.