ஹார்டு டிஸ்க்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கின் கொள்ளளவு 5 எம்பி என்று ஓரிடத்திலும் 3.75 எம்பி என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் ஒரே இயந்திரத்தைத்தான் குறிக்கின்றன. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ரேனால்டு ஜான்சன் தலைமையிலான ஐபிஎம் குழு உருவாக்கி, 1956இல் அறிமுகமான ராமாக் கணினியின் டிஸ்க் பகுதியில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமிக்க முடிந்தது. ஆனால், அதில் ஓர் எழுத்துக்கு 6 பிட்தான் (பிட் என்பது 0 அல்லது 1 என்னும் மிகச் சிறிய தரவு அலகு). இன்றைய 8 பிட் பைட்டுக்கு மாற்றிக் கணக்கிட்டால் 3.75 எம்பி வரும். எனவே, ‘5 எம்பி’ என்பது கொஞ்சம் தாராளமான கணக்கு. இவ்வளவு சிறிய கொள்ளளவுக்கே 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் தேவைப்பட்டன.

கேள்வி: அவ்வளவு பெரிய தட்டில் காந்தப் பூச்சைச் சீராகப் பூசியது எப்படி?

பதில்: இரும்பு ஆக்சைடு கலந்த பெயின்டைப் பட்டுக் காலுறையில் வடிகட்டி, காகிதக் கோப்பையில் எடுத்து, சுழலும் தட்டின் மையத்தருகே ஊற்றினார்கள். சுழற்சியின் வேகமே அதை விளிம்புவரை பரப்பிவிட்டது.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க் சற்றே அதிர்ந்தாலும் பழுதாவது ஏன்?

பதில்: தட்டுக்கும், அதில் தரவை எழுதிப் படிக்கும் முனையான ஹெட்டுக்கும் உள்ள இடைவெளிதான் காரணம், ஹார்டு டிஸ்க்கின் வரலாறே அந்த இடைவெளியைக் குறைத்த வரலாறு என்பேன். காந்தப்புலம் தூரத்தோடு வேகமாக மங்குவதால், ஹெட் எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு சிறிய பிட்டுகளை ஒன்றோடொன்று கலக்காமல் எழுதிப் படிக்கலாம். ராமாக்கில் 50 தட்டுகளின் 100 பரப்புகளுக்கும் சேர்த்து ஒரே கையும் அதில் இரண்டு ஹெட்டுகளுமே இருந்தன. அந்தக் கை மேலும் கீழும் நகர்ந்து உரிய தட்டை ஒட்டி நுழைய, அழுத்தமேற்றிய காற்று ஹெட்டைத் தட்டிலிருந்து சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தள்ளி நிறுத்தியது. 1961இல் ஐபிஎம் அறிவித்த 1301 மாடலில் பரப்புக்கு ஒரு ஹெட் வந்தது. தட்டின் சுழற்சி இழுத்துவரும் காற்றே ஹெட்டை மிதக்கவிட, இடைவெளி சுமார் 6 மைக்ரானாகக் குறைந்தது. இவ்வளவு நெருக்கத்தில் தூசியே பகையாகிவிடுமல்லவா? 1973இல் வந்த ‘வின்செஸ்டர்’ என்னும் 3340 மாடல், தட்டுகளையும் ஹெட்டுகளையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைத்தது அதனால்தான். இன்றைய இடைவெளி சில நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மட்டுமே; சுழலும்போது அதிர்ந்தால் ஹெட் தட்டில் உரசிப் பூச்சைச் சுரண்டிவிடும்.

கேள்வி: விண்டோஸில் ஹார்டு டிஸ்க் ஏன் ‘சி’யில் தொடங்குகிறது?

பதில்: ‘ஏ’, ‘பி’ இரண்டும் செருகி எடுக்கும் பழைய வட்டுகளான ஃப்ளாப்பிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஃப்ளாப்பி போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை.

கேள்வி: பழுதான ஹார்டு டிஸ்க்கை வீட்டில் திறந்து பார்க்கலாமா?

பதில்: அதிலுள்ள கோப்புகள் இனி வேண்டாம் என்றால் திறக்கலாம். எல்லாத் திருகாணிகளையும் கழற்றிய பிறகும் மூடி வராவிட்டால் லேபிளைத் தடவிப் பாருங்கள். அதனடியில் ஒன்று ஒளிந்திருக்கக்கூடும். உள்ளே முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் தட்டு இருக்கும். லேப்டாப் டிஸ்க்காக இருந்தால் தட்டை வளைத்துப் பார்க்க வேண்டாம். பலவற்றில் அது கண்ணாடியால் ஆனது, சில்லுச்சில்லாகத் தெறிக்கும்.