ஃபேஸ்புக் காலியாகிறதா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், "ஃபேஸ்புக்கா? அது அப்பாக்கள் இருக்கிற இடம்" என்று சிரிக்கிறாள். முன்பெல்லாம் ஒரு படம் போட்டால் நூறு லைக் விழும். இப்போது பத்தைத் தாண்டவில்லை. ஃபேஸ்புக்கின் மவுசு குறைந்துவிட்டதா, அல்லது எனக்கு மட்டும்தான் குறைந்ததா?
– வாசகர், சிவகாசி

பதில்: முதல் மதிப்பெண் உங்கள் மகளுக்கு. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் பதின்வயதுப் பிள்ளைகளிடம் கேட்டபோது, 2014-15ல் நூற்றுக்கு 71 பேர் ஃபேஸ்புக்கில் இருப்பதாகச் சொன்னார்கள். 2022ல் அதே கேள்விக்கு 32 பேர்தான் ஆம் என்றார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அத்தையும் சித்தப்பாவும் வந்து, "நல்லா இருக்கு கண்ணு, உடம்பு இளைச்சுட்டியே" என்று எழுதுகிற இடத்தில் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

ஆனால் தலைகளை எண்ணினால் கதை வேறு. 2022 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. ஃபேஸ்புக்குக்குத் தினமும் வந்துபோகிறவர்கள் 193 கோடியிலிருந்து 192.9 கோடியாகி இருந்தார்கள். பிறந்த 18 வருடத்தில் முதல் சறுக்கல், கடுகளவுதான். மறுநாள் பங்கு விலை 26 சதவீதம் விழுந்து, 23,000 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. கடுகு மட்டுமே காரணம் இல்லை. ஆப்பிள் போன்களில் வந்த தனியுரிமைக் கட்டுப்பாட்டால் விளம்பர வருமானம் அடிபடும் என்றும் அதே மூச்சில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் கருமாதிக்குத் தேதி குறிக்காத குறையாகப் பலர் எழுதித் தள்ளினார்கள். 2023 டிசம்பரில் பார்த்தால் தினமும் வருகிறவர்கள் 211 கோடி; மாதத்துக்கு ஒருமுறையாவது எட்டிப் பார்க்கிறவர்கள் 300 கோடிக்கு மேல். நாடுவாரியாகப் பார்த்தால் நம் இந்தியாவில்தான் அதிகம் பேர்.

அதற்குப் பிறகு, காலாண்டுதோறும் ஃபேஸ்புக்குக்கென்று தனிக் கணக்குத் தருவதை நிறுத்திவிட்டார்கள். தங்களிடமே இருக்கும் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, மொத்த எடையை மட்டும் சொல்கிறார்கள். நானும் கடை வைத்திருந்தவன். ஒரு கல்லாவை மட்டும் திறந்து காட்ட மறுத்தால் என் மனம் குறுகுறுக்கும். அதை வைத்துக் கடை காலி என்று சொல்லவும் மாட்டேன்.

இனி உங்கள் லைக் விவகாரத்துக்கு வருகிறேன். 2025ல் வாஷிங்டன் நீதிமன்றத்தில், இந்த நிறுவனம் ஏகபோகம் நடத்துகிறது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கு விசாரணைக்கு வந்தது. "நாங்கள் நண்பர்களை இணைக்கும் இடம் மட்டும் இல்லை, டிக்டாக்கோடும் யூடியூபோடும் போட்டி போடுகிறவர்கள்" என்று காட்டுவதற்காக நிறுவனமே ஒரு கணக்கை எடுத்து நீட்டியது: ஃபேஸ்புக்கில் மக்கள் செலவிடும் நேரத்தில் நண்பர்கள் போட்டதைப் பார்ப்பது 17 சதவீதம்தான். இரண்டு வருடத்துக்கு முன் அது 22. இன்ஸ்டாகிராமில் வெறும் 7. எதிராளி சொல்ல வேண்டியதைத் தானே சொல்லி, நவம்பரில் வழக்கிலும் ஜெயித்துவிட்டார்கள்.

நேற்று இரவு நானும் ஒரு தாளை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்த முதல் 30 பதிவுகளை எண்ணினேன். எனக்குத் தெரிந்தவர்கள் போட்டவை நான்கு. அதில் ஒன்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மீதி 26ல் மெத்தை விளம்பரம் மூன்று, யாரோ ஒருவர் அண்டாவில் பிரியாணி கிளறும் வீடியோ இரண்டு, கிணற்றில் விழுந்த நல்ல பாம்பைப் பிடிக்கிற வீடியோ ஒன்று. பாம்பை முழுதாகப் பார்த்தேன், மறைப்பானேன். உங்கள் படத்தில் குறை எதுவும் இல்லை ஐயா. அது பாம்புக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.

கேள்வி: ஆர்குட்டுக்கு வந்த கதி இதற்கும் வருமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: 2003 முதல் 2012 வரை கும்பகோணத்தில் எட்டு கம்ப்யூட்டர்களோடு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். மணிக்கு 20 ரூபாய். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்தது இல்லை; பார்க்கத் தேவையும் இல்லை. காலையில் கடை திறந்து, எந்தக் கம்ப்யூட்டரிலும் முகவரிக் கட்டத்தில் "ஓ" என்ற ஒரே எழுத்தைத் தட்டினால் போதும், ஃபேஸ்புக்குக்கு முன்னால் இங்கே கொடிகட்டிப் பறந்த, கூகுளின் நட்பு வலைத்தளமான ஆர்குட் வந்து நிற்கும். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரின் விசைப்பலகையில் அந்த எழுத்தே தேய்ந்து அழிந்துபோயிருந்தது. 2009 வாக்கில் "எஃப்" தட்டினால் ஃபேஸ்புக் வரத் தொடங்கியது. ஒரு வங்கி ஊழியர் காலை ஏழு மணிக்கே வந்து ஷட்டர் அருகில் நிற்பார். ஃபார்ம்வில் விளையாட்டில் அவர் விதைத்த ஸ்ட்ராபெர்ரி வாடிவிடுமாம். நிஜத்தில் அவருக்குத் திருவிடைமருதூர் பக்கம் இரண்டு மா நிலம் இருந்தது, குத்தகைக்கு விட்டிருந்தார்.

அடுத்த வருடமே இந்தியாவில் ஃபேஸ்புக் ஆர்குட்டை முந்திவிட்டது. என் கடையில் யாரும் ஆர்குட்டைத் திட்டிவிட்டுப் போகவில்லை. பக்கத்து நாற்காலிக்காரன் போனான், இவனும் போனான், அவ்வளவுதான். 2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் அதற்கு மூடுவிழா நடத்தியபோது, அது அதுவரை இருந்தது என்பதே பலருக்குச் செய்தி. அதே மாதிரி இன்னொரு நட்பு வலைத்தளமான மைஸ்பேஸ் கதை இன்னும் பரிதாபம். 2005ல் ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் 58 கோடி டாலர் கொடுத்து வாங்கியதை 2011ல் சுமார் 3.5 கோடிக்குத் தள்ளிவிட்டது.

இதையெல்லாம் பார்த்துத்தான் 2014ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், தொற்றுநோய் பரவித் தணியும் கணக்கை ஃபேஸ்புக்குக்குப் பொருத்தி, 2017க்குள் 80 சதவீதம் பேர் போய்விடுவார்கள் என்றார்கள். ஃபேஸ்புக்கின் ஆட்கள் குறும்புக்காரர்கள். அதே பாணியில் கணக்குப் போட்டு, 2021ல் பிரின்ஸ்டனில் ஒரு மாணவர்கூட இருக்கமாட்டார் என்று பதில் எழுதினார்கள். இரண்டுமே நடக்கவில்லை.

ஆர்குட் செய்யாத ஒன்றை இவர்கள் செய்தார்கள். வாடிக்கையாளர் எந்தத் தெருவுக்குப் போவார் என்று பார்த்து, அந்தத் தெருவை முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். 2012ல் இன்ஸ்டாகிராம், 100 கோடி டாலர். 2014ல் வாட்ஸ்அப், 1,900 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக்குக்குத் தடை வந்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. சிவகாசி வாசகரின் மகள் ஃபேஸ்புக்கை விட்டு இன்ஸ்டாகிராமுக்குப் போனாலும் வாடகை போகும் வீடு ஒன்றேதான். அதனால் ஆர்குட் மாதிரி ஒரு தேதி குறித்துப் பூட்டுப் போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி: நண்பர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் எங்கேதான் பேசுகிறார்கள்?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: வாட்ஸ்அப் குழுவில். உங்களையும் ஏதாவது ஒன்றில் சேர்த்திருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஏன் இன்னும் ஃபேஸ்புக்கை விடவில்லை?
– வாசகி, நாமக்கல்

பதில்: மாடித்தோட்டத்துக்காக, அம்மா. ஊர் பேர் தெரியாதவர்கள் விதை பரிமாறிக்கொள்ளும் குழு ஒன்றில் இருக்கிறேன். தபால் உறையில் உங்கள் முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் அதே உறையில் விதை வரும். சென்ற ஆடியில் உடுமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் பத்து சிறகவரை விதைகளை, பழைய நாட்காட்டித் தாளில் மடித்து அனுப்பினார். "ராத்திரி ஊறவைத்துப் போடவும்" என்று அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். ஊறவைத்துப் போட்டேன். ஏழு முளைத்தன. காய் பிடித்ததும் படம் எடுத்துப் போட்டேன்.

பதினொரு லைக்.