மருமகள் பெயர் மஹைரி அல்ல

கேள்வி: எடின்பரோவில் இருக்கும் என் மகன் கூட வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். தை மாதம் இங்கே கல்யாணம். பெண் தன் பெயரை ஆங்கிலத்தில் எம், ஹெச், ஏ, ஐ, ஆர், ஐ என்று எழுதுகிறாள். அச்சகத்தில் ‘மஹைரி’ என்று பத்திரிகை அடித்துக் கொடுத்தார்கள். மகன் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். ‘வாரி’ என்று சொல்ல வேண்டுமாம். எம் எப்படி ‘வ’ ஆகும்? என்ன அர்த்தம்? நம் மாரியம்மனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி. அச்சகத்துக்காரரையும் குறை சொல்ல முடியாது, அந்த எழுத்துக்கூட்டு அப்படி.

இது கேலிக் மொழிப் பெயர். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இன்றும் பேசப்படும் பழைய மொழி. அதன் நெடுங்கணக்கில் மொத்தமே 18 எழுத்துகள். ‘வி’ என்ற எழுத்து கிடையாது. அதனால் எம் பக்கத்தில் ஒரு ஹெச் போட்டு ‘வ’ ஒலியை எழுதிக்கொள்கிறார்கள்.

சரி, அந்த ஹெச் எதற்கு வந்தது? அங்கேதான் சுவாரசியம். அசல் பெயர் மாரி. அதாவது மேரி. பள்ளியில் படித்த எட்டாம் வேற்றுமை நினைவிருக்கிறதா? கண்ணனைக் கூப்பிடும்போது ‘கண்ணா’ என்கிறோமே, அந்த விளி வேற்றுமை கேலிக்கிலும் உண்டு. நமக்குச் சொல்லின் வால் மாறுகிறது, அவர்களுக்குத் தலை மாறுகிறது. ‘மாரி வந்தாள்’ என்பார்கள்; நேரில் கூப்பிட்டால் ‘அ வாரி!’. கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த விளியே தனிப் பெயராகிவிட்டது. கண்ணன் என்று பெயர் வைத்த பிள்ளைக்குப் பள்ளிச் சான்றிதழில் கண்ணா என்றே ஏறிவிட்ட மாதிரி. ஆண்களில் ஹேமிஷ் என்ற பெயரும் இப்படி வந்ததுதான்: ஷேமஸ் என்பவரைக் கூப்பிடும் வடிவம். கேலிக் இலக்கணம் கறாராகப் பார்ப்பவர்களுக்கு இது உறுத்தும். பெயர் வைத்தவர்கள் கவலைப்படவில்லை.

ம, வ இரண்டையும் ஒரே பெயரில் கேட்க வேண்டுமானால் ஸ்கை தீவில் 1821இல் பிறந்த மேரி மெக்ஃபர்சன் இருக்கிறார். 1872இல் திருட்டுப் பழி சுமத்திச் சிறையில் போட்டார்கள். அந்த ஆத்திரத்தில்தான் பாட்டுக் கட்டத் தொடங்கினார். பிறகு நிலத்துக்காகப் போராடிய ஏழைக் குடியானவர்களின் குரலானார். ஊர் வைத்த பெயர் ‘மாரி வோர் நன் ஓரன்’, பாட்டுகளின் பெரிய மேரி. பெரிய என்பதற்குச் சொல் ‘மோர்’. பெண்பால் பெயரை ஒட்டி வந்ததால் ‘வோர்’ ஆகிவிட்டது.

அர்த்தத்துக்கு வருவோம். மேரி, மரியாள், மரியம் எல்லாவற்றுக்கும் மூலம் மிரியம் என்ற எபிரேயப் பெயர். அதன் பொருள் கசப்பு என்பார் உண்டு, அன்புக்குரியவள் என்பார் உண்டு. அறிஞர்களுக்குள் முடிவில்லாத வழக்கு. ஒரு நுட்பம் மட்டும் சொல்கிறேன்: கேலிக்கில் இயேசுவின் தாய்க்கு ‘மோய்ரெ’ என்று தனிப் பெயர் உண்டு. வீட்டுப் பெண்களுக்கு மாரிதான். மாரியம்மனுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஒலி ஒற்றுமை மட்டும்தான்.

இனிப் பத்திரிகை. ஆங்கிலப் பக்கத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே விடுங்கள். தமிழில் ‘வாரி’ போடுங்கள். இதே எழுத்துக்கூட்டை ‘மாரி’ என்று சொல்லும் பெண்களும் அங்கே உண்டு என்பதால், எதற்கும் மருமகளிடமே ஒரு தடவை போனில் கேட்டுவிடுங்கள். பத்திரிகை கொடுக்கப் போகும்போது உங்கள் ஊர்ச் சொந்தக்காரர்கள் ‘வாரியலா?’ என்று கேட்காமல் விடமாட்டார்கள். தமிழில் வாரி என்றால் கடல் என்று நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், ப்ரூஃபைக் கவனமாகப் பாருங்கள். எழுத்துப்பிழை என்று நினைத்து அச்சகத்தில் ‘வாணி’ ஆக்கிவிடப் போகிறார்கள்.