இயற்கை வேளாண்மைக்குத் தனிப் பட்டம் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. இயற்கை விவசாயத்தில்தான் ஆர்வம். அதற்கென்று தனிப் பட்டப்படிப்பு தேட வேண்டுமா? – மாணவி, தேனி

பதில்: அலைய வேண்டாம். நான்கு ஆண்டு பி.எஸ்சி. வேளாண்மையில் சேருங்கள், இயற்கை விவசாயம் 'அங்கக வேளாண்மை' (ஆர்கானிக்) என்ற பெயரில் அதற்குள்ளேயே ஒரு பாடமாக வரும். மண்ணியலும் வேதியியலும் எதற்கு என்று தோன்றினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. 1.5 சதவீதம் தழைச்சத்துள்ள மண்புழு உரத்தில் அதே அளவு வேண்டுமென்றால் 1,380 கிலோ கொட்ட வேண்டும். அதுவும் முழுக்க அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடாது. அதனால்தான் நெல்லுக்கு முன் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுகிறார்கள். நாள் தள்ளினால் தண்டு நார் பிடித்துவிடும். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ள, நட்ட பயிர் வெளுக்கும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் எந்த ஆண்டு வரை? பல்கலைக்கழக இணைப்பு வேறு, இது வேறு; சான்றிதழையே காட்டச் சொல்லுங்கள். அடுத்தது, அங்கக வயலில் ரசாயனம் நிறுத்தி எத்தனை ஆண்டாகிறது? தேசியச் சான்றளிப்பு விதிப்படி, ஒரு போகப் பயிர்களுக்கு மாற்றுக்காலம், அதாவது ரசாயனத்திலிருந்து அங்ககத்துக்கு மாறும் காலம், பொதுவாக 2 ஆண்டு. போன வருஷம்தான் யூரியாவை நிறுத்திய வயலில் பரிசோதனை செய்தால், 'இயற்கையில் விளைச்சல் இல்லை' என்ற தப்பான முடிவோடுதான் வெளியே வருவீர்கள்.

கிராமத்தில் தங்கிப் படிக்கும் 'ராவே' பயிற்சியையும் விசாரியுங்கள். ஐ.சி.ஏ.ஆர். பாடத்திட்டத்துக்காக அமைத்த ஐந்தாவது டீன் குழு வகுத்த திட்டத்தில் மொத்தம் 20 வாரம், அதில் 8 வாரம் கிராமத்தில் என்று இருந்தது. பல மாணவர்கள் இதை ரெக்கார்டு எழுதும் வேலையாக்கிவிடுகிறார்கள் என்பது எங்கள் வருத்தம்.

கேள்வி: உணவுப் பாதுகாப்பில் முதுநிலை படித்தால் மகன் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆகலாமா? – ஒரு தாய், சிவகங்கை

பதில்: 'ஃபுட் சேஃப்டி' (உணவின் தரம்), 'ஃபுட் செக்யூரிட்டி' (எல்லோருக்கும் உணவு கிடைப்பது) இரண்டையும் தமிழில் 'உணவுப் பாதுகாப்பு' என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. கலப்படம், லேபிள், ஓட்டல் சுத்தம் பார்க்கும் அலுவலர் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவர். ரேஷன் அரிசியை உரிமையாக்கியது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். விளைச்சல், விலை, சேமிப்பு, ஊட்டச்சத்து என்று போகும் முதுநிலைப் படிப்புகள் இந்த இரண்டாவது வகை. ஆய்வு, திட்டப் பணிகளுக்குத்தான் வழிகாட்டும். அலுவலர் பதவிக்கு உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், வேளாண் அறிவியல் பட்டங்கள் செல்லும். மகன் பி.எஸ்சி. வேளாண்மை முடித்தவர் என்றால் அதை வைத்தே விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் 'ஆர்கானிக் அக்ரிகல்ச்சர்' எம்.எஸ்சி. பட்டியலில் காணோமே? – வாசகர், ஈரோடு

பதில்: பெயர் மாறிவிட்டது. 'ரெசிலியன்ட் ஃபார்மிங் அண்ட் ஃபுட் சிஸ்டம்ஸ்' என்று தேடுங்கள். இரண்டு ஆண்டு, 120 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்றால் 28 மணி நேர உழைப்பு. பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் இதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.