கேளுங்கள்: ஷிஃப்ட், சமையல், வாட்ஸப் குழு... நடுவில் எழுத்து

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எழுதிப் பழகும் நண்பர்கள் பலர் வாட்ஸப் குழுக்களில் கூடிப் பேசுகிறார்கள். வேலை, வீடு, எழுத்து என்று அங்கே அடிபடும் சந்தேகங்களில் சில எங்களுக்கும் வந்திருக்கின்றன.

ஓசூர் சிப்காட்டில் வேலை. ஷிஃப்ட் மாறி மாறி வரும். கம்பெனி பஸ்ஸில் தோன்றுவதை நண்பர்கள் குழுவிலேயே டைப் பண்ணிப் போட்டுவிடுவேன். இப்போது தேடினால் பாதிக்கு மேல் காணோம். என்ன செய்யலாம்?
– வாசகர், சூளகிரி

குழுவின் பெயரைத் தொட்டு உள்ளே போய், 'மறையும் செய்திகள்' இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று கெடு உண்டு. யாராவது அதில் ஒன்றை வைத்துவிட்டால், அதன்பின் வரும் செய்திகளெல்லாம் கெடு முடிந்ததும் தானாகப் போய்விடும். பேக்கப் எடுக்காமல் போன் மாற்றியிருந்தாலும் இதே கதிதான். மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற, குழுவின் மெனுவில் அரட்டையை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. 'மீடியா இல்லாமல்' என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். வரும் கோப்பில் உங்கள் பெயரைத் தேடினால் நீங்கள் எழுதியது மட்டும் வரிசையாக அகப்படும்.

இனிமேல் எழுதுவதை கூகுள் டாக்ஸில் எழுதுங்கள். ஒரு கதைக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கினால் எல்லாம் தானாகவே கால வரிசையில் அமையும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காட்டுப் பக்கம் போகிறவர்கள் கோப்பை 'ஆஃப்லைன்' ஆக்கிவைக்க வேண்டும். மறந்தால் சிக்னல் இல்லாத இடத்தில் கோப்பு திறக்காது. குழுவில் இணைப்பை மட்டும் போடுங்கள். நண்பர்களுக்குக் கருத்து சொல்லும் அனுமதி போதும். திருத்தும் அனுமதி கொடுத்தால், யாரோ ஒருவர் விரல் தவறி ஒரு பத்தியையே அழித்துவிடுவார். அப்படி நடந்துவிட்டால் 'பதிப்பு வரலாறு' போய் முந்தைய வடிவத்தை மீட்கலாம். வாட்ஸப்பில் போட்ட செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். பிழை கண்ணில் படுவது பெரும்பாலும் பதினாறாவது நிமிடத்தில்.

பஸ்ஸில் டைப் பண்ணக் கை வலித்தால் குரல் தட்டச்சு உதவும். மைக் உள்ள இயர்போன் போட்டு, வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். தமிழில் முற்றுப்புள்ளி பெரும்பாலும் தானாக விழாது. அதற்கு ஒரு தந்திரம்: கதையில் வரவே வராத ஒரு சொல்லை, 'மத்தளம்' என்று வைத்துக்கொள்ளுங்களேன், வாக்கியம் முடியும் இடத்திலெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு 'தேடி மாற்று' வசதியில் மொத்தத்தையும் புள்ளியாக்குங்கள். (பக்கத்து சீட்டுக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பரவாயில்லை.) வட்டாரப் பேச்சை அது நூல் தமிழாக மாற்றிவிடும், ல, ள, ழ குழம்பும். அன்றைக்கே ஒருமுறை படித்துச் சொற்களை மட்டும் சரிசெய்யுங்கள். ஒரு வாரம் விட்டால், திரையில் இருப்பது நீங்கள் சொன்ன கலையா, களையா என்று உங்களுக்கே மறந்துபோகும்.

எங்கள் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பழைய கதைகளைத் தமிழும் கன்னடமும் கலந்து சொல்கிறார். பதிவு செய்து எழுத ஆசை. ஆனால் எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால், 'அணை கட்டுனப்போ' என்கிறார்.
– வாசகி, பாலக்கோடு

பாட்டி சரியாகத்தான் சொல்கிறார். அவர் வைத்திருக்கும் அடையாளங்களை நீங்கள்தான் ஆண்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். கிருஷ்ணகிரி அணை என்றால் 1957-58ஐ ஒட்டிய காலம். சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2. ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வண்டி வந்தது 1980. எம்ஜிஆர் சத்துணவு 1982. இந்திரா காந்தி சுடப்பட்டது 1984. எம்ஜிஆர் மறைவு 1987 டிசம்பர். கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004 பிப்ரவரி. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? எத்தனை பிள்ளைங்க?" என்று கேளுங்கள். ஆண்டைக் கேட்பதைவிட இதற்கு உடனே பதில் வரும்.

தமிழ் வருஷப் பெயர் சொன்னால் இன்னும் வசதி. அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் அதே பெயர் திரும்பும். பிலவ என்றால் 1961-62 அல்லது 2021-22. குரோதி என்றால் 1964-65 அல்லது 2024-25. பாட்டியின் வயதை வைத்து எது என்று முடிவு செய்துவிடலாம். ஆதாரில் உள்ள பிறந்த தேதியை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். அந்தத் தலைமுறையில் பலருக்கு அது யாரோ உத்தேசமாகக் குறித்துவிட்ட தேதி.

பதிவுக்கு: போனை விமான நிலையில் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடும். நாலாக மடித்த துண்டின் மேல், பாட்டியிடமிருந்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள். வெறும் ஸ்டூல் மேல் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடியாக விழும். மின்விசிறியை நிறுத்துங்கள், பதிவைக் கெடுப்பதில் அதற்குத்தான் முதலிடம். அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் அவருக்கும் அலுப்பு, உங்களுக்கும் அலுப்பு. தொடக்கத்திலேயே நாள், ஊர், பேசுகிறவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரப் பதிவு சாதாரணமாக 30 முதல் 60 எம்பிக்குள் அடங்கும். உறவினர்களுக்கு அனுப்பும்போது வாட்ஸப்பில் 'ஆவணம்' என்று தேர்ந்து அனுப்பினால் தரம் குறையாது.

எழுத்தில் இறக்க, பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கன்னடச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே விடுங்கள். 'ஊட்ட ஆய்த்தா?' என்று பாட்டி கேட்டதற்கு, "ஆச்சு, களி சாப்பிட்டேன்" என்ற பதில் அடுத்த வரியில் இருந்தால் வாசகருக்குப் புரிந்துவிடும்.

அப்பா பழைய கம்ப்யூட்டரில் எழுதிய கட்டுரைகள் இருக்கின்றன. இப்போது திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து ஏதேதோ தெரிகிறது. குழுவில் 'வைரஸ்' என்கிறார்கள்.
– வாசகர், அரூர்

வைரஸ் இல்லை. யூனிகோடு (எல்லாக் கருவியிலும் தமிழ் ஒரேபோலத் தெரிய உதவும் பொதுக் குறியீடு) பரவலாகும் முன் இருந்த எழுத்துருவில் அடித்தது. அரைப்புள்ளி (;) ஏராளமாகத் தெரிந்தால் அநேகமாக பாமினி. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்த விசைதான். மூலக் கோப்பைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் ஒரு பத்தியை மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள். சரியாக வந்தால் மொத்தமும். வரவில்லை என்றால் வேறு எழுத்துருப் பெயரைத் தேர்ந்து பாருங்கள்.

மாற்றியபின் மூன்று இடங்களைச் சோதிக்க வேண்டும். கட்டுரைக்குள் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்கள் அர்த்தமில்லாத தமிழாகியிருக்கும். 'ஔ' என்ற எழுத்துக்கு 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்து விழுந்திருக்கலாம். அப்புறம் ஔவையாரைத் தேடினால் கிடைக்கமாட்டார், அதுவும் அதியமான் ஊரில்! துணைக்காலும் 'ர'வும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கலாம். அச்சுத்தாள் மட்டும்தான் இருக்கிறது என்றால், நிழல் விழாத பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறவுங்கள். எழுத்துகள் வந்துவிடும். பிழை பார்ப்பது உங்கள் பொறுப்பு.

குழுவில் எது போட்டாலும் இதயமும் கைதட்டலும்தான். உருப்படியான கருத்து வருவதில்லை.
– வாசகர், ஊத்தங்கரை

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் அப்படித்தான் வரும். "எந்த வரியில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது?" என்று கேளுங்கள். அதையும் இரண்டே பேரிடம், தனியாக.

மாமியார் வீட்டு விஷயங்களை வைத்து எழுதிய கதை, நாத்தனார் கண்ணில் பட்டு வீட்டில் ரகளை. பெயரை மாற்றித்தான் எழுதினேன். போதாதென்று, அதே கதையை இன்னொருவர் தன் பெயரில் போட்டிருக்கிறார்.
– வாசகி, காவேரிப்பட்டணம்

பெயர் மாற்றினால் போதாது. உறவு, தொழில், வீட்டின் அமைப்பு இவற்றில் இரண்டையாவது மாற்றுங்கள். மாமியாரைப் பெரியம்மா ஆக்கலாம், மாந்தோப்பைப் புளியந்தோப்பாக்கலாம். அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வசனம் கதையில் அப்படியே இருந்தால் மற்ற மாற்றமெல்லாம் வீண். வீட்டார் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். நோய், கடன், பெண் பார்த்த விஷயம் மூன்றையும் சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். இப்போதைக்கு நாத்தனாரிடம் நீங்களே பேசுங்கள், கணவரைத் தூது விடாமல்.

திருட்டு விஷயத்தில் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்கு. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அவர் பதிவை நாள் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு தனிச்செய்தியில் நீக்கச் சொல்லுங்கள். வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பேசினால் அவர் அழித்துவிட்டு, நான் போடவே இல்லை என்பார். மறுத்தால் அந்தத் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார் கொடுக்கலாம். உங்கள் டாக்ஸ் கோப்பின் பதிப்பு வரலாற்றில் தேதி இருக்கும், அதுவே நல்ல சாட்சி.

மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை. சீசனில் எழுதவே முடிவதில்லை.
– வாசகர், பர்கூர்

சீசனில் எழுத வேண்டாம். நாளுக்கு ஒரு வரி குறிப்பு மட்டும் வையுங்கள்: லாரி எத்தனை மணி நேரம் காத்திருந்தது, பெங்களூரா மாங்காய் கிலோ என்ன விலை, மேஸ்திரி என்ன சொன்னார். ஆடி பிறந்தபின் உட்கார்ந்து எழுதலாம்.