தூரத்துக் கிளையில் நாஸ் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

கே: எங்கள் மாம்பழக்கூழ் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் கிருஷ்ணகிரியில் இருக்கிறது. காவேரிப்பட்டினம் ஆலையில் நான்கு டிஸ்க் நாஸ் (நெட்வொர்க் வழியாக எல்லோரும் கோப்புகளை வைத்து எடுக்கும் சேமிப்புப் பெட்டி) ஒன்று யூபிஎஸ்ஸோடு ஓடுகிறது. கரண்ட் போய் வந்தபின் யூபிஎஸ் வேலை செய்கிறது, நாஸ் மட்டும் அணைந்தே கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆள் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது. பெட்டி பழுதா?

ப: பெட்டியில் பழுது இல்லை. கரண்ட் போனதும் யூபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிறது. நீங்கள் வைத்த ஐந்து நிமிடம் கழிந்ததும் நாஸ் ஒழுங்காக அணைகிறது. ஆனால் பேட்டரியில் இன்னும் சார்ஜ் இருப்பதால் நாஸுக்குப் போகும் மின்சாரம் நிற்கவே இல்லை. பத்தாவது நிமிடம் கரண்ட் வந்துவிடுகிறது. நாஸைப் பொறுத்தவரை மின்சாரம் போகவும் இல்லை, வரவும் இல்லை. பிறகு எப்படித் தானாக எழுந்திருக்கும்?

நாஸின் செட்டிங்கில் இரண்டு அமைப்புகள் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று, 'மின்சாரம் திரும்பினால் தானாக இயங்கு'. மற்றொன்று, 'நாஸ் அணைந்ததும் யூபிஎஸ்ஸின் வெளியீட்டையும் நிறுத்து'. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இதற்கு யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி போர்ட் இருந்து, அந்தக் கேபிள் நாஸில் செருகியிருக்க வேண்டும். போர்ட் இல்லாத மலிவு யூபிஎஸ் எத்தனை விஏ (யூபிஎஸ்ஸின் திறன் அளவு) இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

ஆலையை விட்டுக் கிளம்புமுன் சோதித்துப் பாருங்கள். யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, நாஸ் முழுதாக அணையும்வரை காத்திருங்கள். இரண்டு நிமிடம் கழித்துச் செருகுங்கள். யாரும் தொடாமல் நாஸ் எழ வேண்டும். இன்னொரு முறை, பேட்டரி முழுதாகக் காலியாகும்வரை விட்டும் பாருங்கள். அப்படித் தீர்ந்தபின் கரண்ட் வந்தாலும் தானாக ஆன் ஆகாத யூபிஎஸ்களும் உண்டு. ரவுட்டரையும் அதே யூபிஎஸ்ஸில் போடுங்கள். இல்லாவிட்டால் 'கரண்ட் போய்விட்டது' என்ற மெயில்கூட உங்களுக்கு வராது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

கே: பாலக்கோடு கிளையில் 4ஜி ரவுட்டர்தான். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் நாஸுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போட்டும் தர்மபுரியிலிருந்து நாஸைத் தொட முடியவில்லை. இரவில் பேக்கப் எடுக்க வழி சொல்லுங்கள்.

ப: ரவுட்டரின் வெளி ஐபி முகவரியைப் பாருங்கள். 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்கு நிறுவனம் பகிர்ந்து தருகிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. கிளைதான் வெளியே கூப்பிட வேண்டும். தர்மபுரியில் நிலையான ஐபி வாங்கி, அங்கே வயர்கார்டு என்ற விபிஎன் (இரண்டு இடங்களை இணையத்தின் வழியே பூட்டிய தனிப் பாதையில் இணைப்பது) வையுங்கள். கிளை அதை அழைக்கட்டும். கிளையின் பக்கம் 'கீப்அலைவ்' (இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு தகவல்) 25 வினாடி என்று கொடுங்கள். அது இல்லையென்றால் சும்மா இருக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்து, நீங்கள் கூப்பிடும்போது பதில் இருக்காது.

போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாதது ஒருவகையில் உங்களுக்கு நல்லதே. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற பணயத் தீநிரல் (ரான்சம்வேர்), இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்த க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளில் கோப்புகளைப் பூட்டி, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. நாஸின் நிர்வாகப் பக்கத்தையும் கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே திறக்காதீர்கள்.

முதல் பேக்கப்பை லைனில் அனுப்ப நினைக்க வேண்டாம். 2 டெராபைட்டை 10 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்பினால் இரவு பகலாக 18 நாளுக்கு மேல் ஆகும். ஒரு டிஸ்கில் நகலெடுத்துத் தர்மபுரிக்கு எடுத்து வந்து ஏற்றிவிடுங்கள். அதன்பின் அன்றாட மாற்றம் 5 ஜிபி என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். பேக்கப்பைப் பெறும் தர்மபுரிப் பக்கத்தில் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு) கட்டாயம்: கிளையில் அழிந்த கோப்பை சிங்க் (இரு பக்கத்தையும் ஒன்றாக்கும் வேலை) இங்கேயும் அழித்துவிடும்.

கே: அரூர் கிளை நாஸில் நான்கு டிஸ்க், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தாங்கும் அமைப்பு). ஒரு டிஸ்க் செத்துவிட்டது. அங்கிருப்பவரையே மாற்றச் சொல்லலாமா?

ப: சொல்லலாம், ஆனால் ஸ்லாட் எண்ணை மட்டும் நம்பி அல்ல. சிலர் இடமிருந்து எண்ணுவார்கள், சிலர் வலமிருந்து. ஒரு டிஸ்க் ஏற்கெனவே போன நிலையில் நல்லதை உருவினால் மொத்தத் தொகுதியும் விழும். அதனால் முதலில் பேக்கப் சரியாக இருக்கிறதா என்று ஒரு கோப்பைத் திருப்பி எடுத்துப் பாருங்கள். பிறகு செத்த டிஸ்கின் சீரியல் எண்ணைத் திரையில் குறித்துக்கொண்டு, பெட்டியை ஒழுங்காக அணைக்கச் சொல்லி, ஒவ்வொரு டிஸ்காக வெளியே எடுத்து லேபிளைப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். எண் ஒத்துப்போன டிஸ்கை மட்டும் மாற்றட்டும், மற்றவை அதே இடத்துக்குப் போகட்டும். அடுத்த முறைக்காக, நேரில் போகும்போது ட்ரேயின் முகப்பிலேயே கடைசி நான்கு எழுத்துகளை ஒட்டிவிடுங்கள்.

புது டிஸ்க் சிஎம்ஆர் வகையா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும் வகை) என்று கேட்டு வாங்குங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வகையில் மறுகட்டமைப்பு (புது டிஸ்கில் தரவை மீண்டும் நிரப்புவது) இழுத்துக்கொண்டே போகும், பாதியில் முறியவும் செய்யும். டிஸ்க் தன் நலத்தைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகளின் (கெட்ட பகுதிகளின் கணக்கு) மதிப்பு ஏறினால் டிஸ்க் போகிறது என்று கொள்ளலாம். 199 (தரவு கடத்தும்போது வரும் பிழை) மட்டும் ஏறினால் முதலில் கேபிளையும் இணைப்பையும் பாருங்கள். தூரக் கிளைக்கு, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6-தான் என் தேர்வு.

கே: கிரானைட் குவாரி அலுவலகத்தில் நாஸ் 52 டிகிரி காட்டுகிறது. ஆபத்தா?

ப: உடனே நிற்காது, ஆனால் 45-க்குக் கீழே கொண்டுவாருங்கள். இரும்பு பீரோவுக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். பின்பக்க ஃபேனில் கல்தூள் படிந்திருக்கும். பெட்டியை அணைத்து, இறக்கை சுற்றாமல் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதுங்கள். அங்கே மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.